ஏழு மேசைகளும் ஒரு பவர் பத்திரமும்

“படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன், அய்யா.”

இதை மட்டும் ஒருநாளும் கேட்டுவிடாதே என்று அம்மா என்னிடம் சொன்னது எனக்குப் பதினெட்டு வயது முடிந்தபோது. உங்க அய்யா காகிதத்தை நீட்டினால் பேசாமல் போட்டுவிட வேண்டும், படிக்கணும் என்று கேட்டால் உங்க மேல் நம்பிக்கை இல்லை என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்வது போல என்றாள். நான் தலையாட்டினேன். அப்படி ஆட்டியதை நினைத்தால் இப்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. பாயில் அய்யா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பித்தளைத் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு மஞ்சள் துண்டு, நடுவில் முத்திரைத்தாள். இடது உள்ளங்கையை எழுத்தின் மேல் பரப்பி வைத்துக்கொண்டு, வலது ஆள்காட்டி விரலால் பென்சில் குறி போட்ட இடத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னது காதில் விழுந்த பிறகும் விரல் நகரவில்லை. முகம் மட்டும் மாறியது. அடுக்களை நிலைப்படியில் நின்ற அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

எங்கள் அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். பெயர் சுப்பையா. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பதினாலு வயதில் கல்கத்தாவுக்கு வந்தவர். கரியாஹாட்டில் எங்கள் பலசரக்குக் கடை இருக்கிறது. புளி, அப்பளம், காப்பிப்பொடி, நல்லெண்ணெய் என்று தெற்கத்தி ஆட்கள் தேடி வருகிற சாமான் எல்லாம் கிடைக்கும். கடையின் பெயர் சுப்பம்மாள் ஸ்டோர்ஸ். சுப்பம்மாள் என் அம்மா. லைசென்சிலும் அவள்தான் முதலாளி. அந்தக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் அவள் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை.

எங்கள் ஆட்களில் கடை வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் இது வழக்கம்தான். கூட்டாளியோடு தகராறு வந்தாலும் சரி, வரிக்காரன் வந்தாலும் சரி, ஒரு காப்பாக இருக்கட்டும் என்று கடையைப் பொம்பளை பேரில் எழுதிவிடுவார்கள். காகிதம் வெள்ளிக்கிழமைதான் வரும். தாம்பாளத்தில்தான் வரும். ஆம்பளை உள்ளங்கையால் எழுத்தை மூடிக்கொள்வார், பொம்பளை விரல் காட்டுகிற இடத்தில் போடுவாள். அம்மாவுக்குத் தெரிந்த எழுத்து மொத்தமே ஆறு. அந்த ஆறையும் கல்யாணமான புதிதில் அய்யாதான் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாராம், கையெழுத்துப் போடுவதற்காக.

நான் அப்படி இல்லை. எங்கள் வகையறாவில் பி.ஏ. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான். ஆம்பளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊரில் குண்டும் கலாட்டாவுமாக இருந்த வருஷங்களில் பரீட்சை தள்ளித் தள்ளிப் போய், மூன்று வருஷப் படிப்பை நாலரை வருஷம் படித்து முடித்தேன். இப்போது ஒரு தேயிலை ஏலக் கம்பெனியில் டைப்பிஸ்ட். பத்திரம், ஒப்பந்தம், நோட்டீஸ் என்று ஒரு நாளைக்கு இருபது பக்கம் என் விரல் வழியாகப் போகிறது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட நானே ரெண்டு மாதத்துக்கு முன்னால் இதே பாயில் உட்கார்ந்து, இதே உள்ளங்கைக்குக் கீழே, ஒரு வரி படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். என்னை ஏமாற்றினார்கள் என்று சொல்வதற்கு முன்னால் இதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் டீ ரூமுக்காக.

எலியட் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மித்திர பாபு என்பவருடைய பழைய வீட்டின் கீழ்த்தளத்தில், மிஸஸ் ரொசாரியோ என்கிற ஆங்கிலோ இந்தியப் பெண்மணி இருபத்தாறு வருஷமாக ஒரு டீ ரூம் நடத்திவந்தார். ஏழு மேசை, பிரம்பு நாற்காலிகள், ஜன்னலில் லேஸ் திரை. ஆபீசில் ஒரு துரையின் பிரிவு உபசாரத்துக்குக் கேக் வாங்கிவர என்னை அனுப்பினார்கள். மழை பிடித்துக்கொண்டது. மழை விடும்வரை உட்காரு என்று அந்த அம்மாள் ஒரு பீங்கான் கெட்டில் நிறைய டீயும், ஒரு கப்பும், சின்ன ஜாடியில் பாலும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. வேறென்ன வேண்டும் என்று கேட்கவில்லை. யாருக்காகக் காத்திருக்கிறாய் என்றும் கேட்கவில்லை.

இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள், கல்கத்தாவில் வேலைக்குப் போகிற பெண்ணாக ஒரு மாதம் இருந்து பார்க்க வேண்டும். ஆபீசில் சொன்ன இடத்தில் உட்கார வேண்டும். ட்ராமில் நிற்க வேண்டும். வீட்டில் டீ என்றால் நான் போட்டு, ஆற்றி, கையில் கொடுத்துவிட்டு நிற்பது. ஒரு பெண் தனியாக ஒரு மேசை முன்னால் உட்கார்ந்து, தன் டீயைத் தானே ஊற்றிக் குடிக்கிற இடம் இருக்கிறது என்பதே எனக்கு இருபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது.

அதன்பிறகு சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்ததும் அங்கே போய்விடுவேன். முதலில் குடிக்கப் போனேன், பிறகு கற்றுக்கொள்ள. கெட்டிலில் முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட வேண்டும். தலைக்கு ஒரு ஸ்பூன் தேயிலை, கெட்டிலுக்கு ஒரு ஸ்பூன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றி, கம்பளி மூடியைப் போட்டு நாலு நிமிஷம். ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டிக்கான மாவைப் பரோட்டா மாவு மாதிரி அடித்துப் பிசையக் கூடாது. விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் சேர்க்க வேண்டும். வெள்ளரிக்காயை வெளிச்சம் தெரிகிற மாதிரி சீவி, உப்பிட்டுத் துணியில் ஒற்றி, ஓரம் வெட்டிய ரொட்டிக்குள் வைக்க வேண்டும். ஒன்றரை வருஷம் கற்றேன். மிஸஸ் ரொசாரியோ கடல் தாண்டிப் பெர்த் நகரத்தில் இருக்கிற மகளிடம் போய்விட முடிவு செய்தபோது, இதை நீ எடுத்துக்கொள் என்று என்னிடம்தான் சொன்னார். அடுப்பு, கெட்டில்கள், கப்புகள் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னார். வீட்டுக்காரரிடமும் அவரே பேசினார்.

மித்திர பாபு மாடியில் இருக்கிறவர், ரிட்டயரான ஜட்ஜ். சரியாக நாலு மணிக்குக் கீழே இறங்கி வந்து, ஜன்னலோர மேசையில் டீ குடிப்பது அவருக்குப் பல வருஷப் பழக்கம். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். டீ ரூம் டீ ரூமாகவே இருக்க வேண்டும், சோற்றுக் கடை ஆகக் கூடாது. அதற்கு ஒப்புக்கொண்டால் வாடகைச் சீட்டை என் பேருக்கே எழுதித் தருகிறேன் என்றார்.

அய்யாவிடம் சொல்லப் பயந்துகொண்டிருந்தேன். சொன்னதும் அவர் சத்தம் போடவில்லை, சிரித்தார். சரி, அந்த டீயைப் போட்டுக் காட்டு என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு கெட்டில், கப், பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம் எல்லாம் பரப்பி வைத்தேன். அவர் பால் ஜாடியை அப்படியே கெட்டிலுக்குள் கவிழ்த்தார். சர்க்கரையையும் போட்டார். பிறகு கப்பிலிருந்து சாசருக்கும் சாசரிலிருந்து கப்புக்குமாக ஆற்ற ஆரம்பித்து, வேட்டியில் சிந்திக்கொண்டார்.

“ஏன் தாயி, வர்றவனே ஊத்திக்கிடணும், வர்றவனே கலக்கிக்கிடணும்னா நாம எதுக்கு அங்க?”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தோம். அது அடிக்கடி நடப்பதில்லை.

அதன்பிறகு அய்யா என் கூடவே நின்றார். மித்திர பாபுவைப் பார்க்க வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தன்னுடைய அரைகுறை வங்காளியில், என் பொண்ணு படிச்சவ, பேச்சு மாற மாட்டா என்று சொன்னார். வாடகைச் சீட்டை நான் வரிக்கு வரி படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ட்ராமில் திரும்பி வரும்போது எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். நான் ஜன்னல் திரைக்கு என்ன நிறம், மெனு அட்டையை ஆபீஸ் மெஷினில் டைப் செய்யலாமா, வேலையை எப்போது விடலாம் என்று பேசிக்கொண்டே வந்தேன். அவர் எல்லாவற்றுக்கும் ம் கொட்டினார்.

தை மாதம் நாலாவது வெள்ளிக்கிழமை தாம்பாளம் வந்தது. கார்ப்பரேஷன் லைசென்சுக்கு அலைய வேண்டும், நீ ஆபீசுக்குப் போகிறவள், உனக்குப் பதில் வீரபாண்டி அலையட்டும், அதற்கு ஒரு காகிதம் என்றார் அய்யா. வீரபாண்டி என் தாய்மாமன் மகன். சாந்த்ராகாச்சியில் ரயில்வே யார்டுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். எனக்கு அவனைக் கட்டிவைக்க வேண்டும் என்பது வீட்டில் ரொம்ப நாள் பேச்சு. நான் வேண்டாம் என்று சொல்லி, அதுவும் ரொம்ப நாளாகிவிட்டது. அலைவதற்குத்தானே என்று நினைத்தேன். உள்ளங்கை எழுத்தின் மேல் இருந்தது. அம்மா பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். போட்டேன்.

நம்பிக்கை என்று அதற்குப் பெயர் சொல்ல இப்போது எனக்கு விருப்பமில்லை. அது சந்தோஷம். சந்தோஷமாக இருக்கிறவர்கள் எதையும் படிப்பதில்லை.

பதிமூன்று நாள் முன்பு, சனிக்கிழமை, திரைக்கு அளவெடுக்க நாடாவோடு எலியட் ரோடு போனேன். மிஸஸ் ரொசாரியோ கப்பலேறி மூன்று வாரம் ஆகியிருந்தது. மித்திர பாபுவும் மகன் வீட்டுக்கு ஆசன்சோல் போயிருந்தார். என் சாவி பூட்டுக்குள் நுழையவே இல்லை. பூட்டே வேறு. பின்பக்கம் சுற்றிப் போனேன். முற்றத்தில் அந்த அடுப்பு, ஸ்கோன் வேகிற அடுப்பு, கதவு கழன்று குப்புறக் கிடந்தது. உள்ளே சமையலறையில் இடுப்பு உயரத்துக்குச் செங்கல் எழும்பியிருந்தது. சோற்று அண்டா வைக்கிற மாதிரி நாலு கண் அடுப்பு. கொத்தனார்கள் மிஸஸ் ரொசாரியோவின் ரோஜாப்பூப் போட்ட கப்புகளில் சிமெண்டுக் கையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யார் கட்டச் சொன்னது என்று வங்காளியில் கேட்டேன். சாந்த்ராகாச்சி மாலிக், அதாவது முதலாளி, என்றார்கள். நீங்க யாரு தீதி என்று திருப்பிக் கேட்டார்கள்.

நாடாவைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் நான் எதுவும் கேட்கவில்லை. அவர்களாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சனி போனது, ஞாயிறு போனது. அய்யா வழக்கம்போல மீன் வாங்கிவந்தார். அம்மா என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள். லோட் ஷெட்டிங்கில் மூன்று பேரும் ஒரே மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். ரெண்டு பேரில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரம் அப்படியே போய், இந்தத் திங்கள்கிழமைதான் மித்திர பாபு ஊர் திரும்பி, வேலையை நிறுத்திவிட்டார். ஆள் அனுப்பி என்னை ஆபீசிலிருந்து வரவழைத்தார். வீரபாண்டி அவரிடம் கொடுத்திருந்த காகிதத்தின் நகலை என் முன்னால் வைத்தார். தை வெள்ளிக்கிழமை நான் போட்டது லைசென்சுக்கு அலைகிற காகிதம் இல்லை. முழு பவர் பத்திரம். அந்த இடத்தை நடத்த, மாற்ற, இடிக்க, என் சார்பில் எதை வேண்டுமானாலும் செய்ய வீரபாண்டிக்கு நான் அதிகாரம் கொடுத்திருந்தேன். அந்தப் பத்திரத்தின் வாசகம் எனக்கு மனப்பாடம். அதே வாசகத்தை ஆபீசில் யார் யாருக்கோ நாற்பது தடவையாவது டைப் அடித்திருப்பேன்.

மித்திர பாபு என்னைத் திட்டவில்லை. ஜட்ஜாக இருந்தவர் கேட்கிற மாதிரி ஒரே கேள்விதான் கேட்டார்: படித்துவிட்டா போட்டாய்? இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சோற்றுக் கடையாக்க உன் சம்மதம் வேண்டும், பவர் மட்டும் போதாது, உன் கையெழுத்தோடு கொண்டுவரச் சொல்லி அவனிடம் சொல்லியிருக்கிறேன், சீக்கிரம் உன்னிடம் வருவார்கள் என்றார்.

ஆகவே இந்த வெள்ளிக்கிழமை தாம்பாளம் வரும் என்று எனக்குத் தெரியும்.

அய்யா உள்ளங்கையை எடுக்கவில்லை.

“இது என்ன புதுப் பழக்கம்?”

“பழசுதான். ஆபீசுல தெனம் செய்யுறேன்.”

“ஆபீசு வேற. வீடு வேற.”

நான் குனிந்து, அவர் கைக்குக் கீழே இருந்த தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். கிழிந்துவிடும் என்று பயந்துதான் அவர் கையை எடுத்தார். எனக்காக எடுக்கவில்லை. வெற்றிலை ரெண்டு தரையில் விழுந்தது.

நின்றபடியே படித்தேன். டீ வியாபாரம் நடத்த எனக்கு இயலாததால் என் சொந்த விருப்பத்தில் சாப்பாட்டு ஹோட்டலாக மாற்றச் சம்மதிக்கிறேன் என்று இருந்தது. அது நான் எதிர்பார்த்தது. அதற்குக் கீழே இருந்ததை எதிர்பார்க்கவில்லை. வாடகை உரிமையையே நிரந்தரமாக வீரபாண்டி பேருக்கு விட்டுக்கொடுக்கிறேன், இனி எந்தக் காலத்திலும் அதைக் கோர மாட்டேன். கையெழுத்துப் போட எனக்கு விட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், சாட்சி என்ற இடத்தில், ஏற்கெனவே ஒரு கையெழுத்து இருந்தது. ஆறு எழுத்து. சுப்பம்மாள்.

“நாப்பது பேரு வந்து நாப்பது டீ குடிச்சிட்டு முக்கா மணி நேரம் ஒக்காந்திருப்பான்” என்றார் அய்யா. இப்போது அவர் குரல் கடையில் சரக்கு விளக்குகிற குரலாக இருந்தது. “ஆபீசு ஏரியா. மத்தியானம் எரநூறு எல சோறு போகும். வெள்ளக்காரனே போயிட்டான். அவன் டீயக் கட்டிக்கிட்டு நீ அழுவணுமாக்கும்.”

“இத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா ஒத்துக்கிடுவியா?”

“மாட்டேன்.”

“அப்பொறம்?”

இதற்கு மேல் அவருக்கு விளக்க எதுவும் இல்லை. உண்மையாகவே இல்லை. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஆகவே சொல்லவில்லை. வேர்க்கடலை வாங்கிக் கொடுத்துக்கொண்டு ட்ராமில் ம் கொட்டினாரே, அப்போதே நாலு கண் அடுப்பு அவர் மனதில் இருந்தது. என் பொண்ணு பேச்சு மாற மாட்டா என்று மித்திர பாபுவிடம் சொன்னாரே, அது என்னைப் பற்றிய பெருமை இல்லை. என்னை முன்னால் நிறுத்தினால்தான் அந்தக் கதவு திறக்கும். திறந்தாகிவிட்டது.

நான் அம்மா பக்கம் திரும்பினேன். அவளை நான் குற்றம் சொல்ல நினைக்கவில்லை. அவளுக்கு என்ன தெரியும், விரல் காட்டுகிற இடத்தில் போடுகிறவள், அவளையும் என்னை மாதிரியே ஏமாற்றியிருக்கிறார்கள் என்றுதான் அந்த நிமிஷம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒனக்குத் தெரியுமா அம்மா? நான் படிச்சுக் காட்டுறேன், கேளு.”

“வேண்டாம்.”

“என்னன்னே தெரியாம சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க.”

“தெரியாம என்ன” என்றாள் அம்மா. “வீரபாண்டிக்கு அந்த எடத்த விட்டுக் குடுக்கிற காகிதம். மொதல்ல போட்டது பவர் பத்திரம்.”

நான் தாளைப் பிடித்தபடி நின்றேன்.

அம்மா சாதாரணமாகத்தான் பேசினாள். உலை வைத்துவிட்டு வந்து பேசுகிற மாதிரி. “உங்க அய்யா எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவாரு. இருபத்தாறு வருசமா ஒரு காகிதம் சொல்லாம நீட்டுனதில்ல. முந்தின நாளு ராத்திரியே ஒக்காத்திவச்சு, இது இன்னது, இதுல இன்ன லாவம், இன்ன நட்டம்னு சொல்லிருவாரு. எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல. சொல்லணும்ல.”

“அப்ப எனக்கு?”

அவள் அய்யாவைப் பார்த்தாள். அய்யா தரையில் விழுந்த வெற்றிலையை எடுத்துத் துடைத்துத் தாம்பாளத்தில் வைத்தார்.

எனக்கு அந்த வழக்கம் அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமாக அந்த உள்ளங்கையை நான் தப்பாகப் பார்த்திருக்கிறேன். படிக்கணும் என்று கேட்கக் கூடாது என்று அம்மா சொன்னாளே, அது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் விழு என்று சொன்னது இல்லை. வாயால் சொன்ன பிறகு எழுத்தில் வேறு தேடுவது அவமானம், அவ்வளவுதான் அவள் கணக்கு. அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். ஆறு எழுத்துக்கு மேல் தெரியாத அவளை எதிரே உட்காரவைத்து, ஒரு முதலாளிக்கு முதலாளி பேசுகிற மாதிரி பேசியிருக்கிறார். இந்த வீட்டில் சொல்லாமல் கையெழுத்து வாங்கப்பட்ட ஒரே ஆள் நான்தான். படிக்கத் தெரிந்தவள். என்னை ஏமாற்றுவதற்காகவே அவர்கள் அந்த வழக்கத்தை வைத்துக்கொள்ளவில்லை. நல்ல வழக்கம் ஒன்று இருந்தது, அதை என் விஷயத்தில் மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து மீறினார்கள். பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்த அந்தக் கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“உன் நல்லதுக்குத்தான்” என்றாள் அம்மா. “அவன் எடத்த நடத்துவான். நாளைக்கு அவனக் கட்டிக்கிட்டா கடை யாரோடது? ஒன்னோடதுதான. அந்தப் பீங்கான் கப்பக் கழுவிக்கிட்டு எத்தன நாளு தனியா நிப்ப?”

“நிக்கிறதுக்கு இல்லம்மா. ஒக்கார்றதுக்கு.”

அவளுக்கு அது புரியவில்லை. புரியவைக்கிற ஆசை எனக்கும் போய்விட்டிருந்தது.

அய்யா பேனாவை என் பக்கம் நகர்த்தினார். படிச்சாச்சுல்ல, இனி போடு என்றார். போடவில்லை என்றால் இந்த வீட்டில் தனக்கு மகள் இல்லை என்றும் சொன்னார். சத்தமே இல்லாமல் சொன்னார். அவர் பயமுறுத்தவில்லை, விலை சொன்னார்.

நான் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். அங்கே இன்னொரு தாள் ஏற்கெனவே இருந்தது. அதை எடுத்துத் தாம்பாளத்தில், மஞ்சள் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நானே டைப் அடித்தது. வீரபாண்டிக்குக் கொடுத்த பவரை ரத்து செய்கிறேன் என்று எட்டே வரி. எப்படி எழுத வேண்டும், எங்கே பதிய வேண்டும் என்று எங்கள் தலைமைக் குமாஸ்தா மஹாதேவன் சார் சொல்லிக் கொடுத்தார். புதன்கிழமை பதிந்தாகிவிட்டது. தாம்பாளத்தில் இருந்தது நகல். இன்னொரு நகல் சாந்த்ராகாச்சிக்குப் பதிவுத் தபாலில் போய்க்கொண்டிருந்தது.

“என்ன இது?” என்றார் அய்யா. அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது.

சொன்னேன். ஒரு வரி விடாமல், கையால் எதையும் மறைக்காமல், தமிழில் சொன்னேன். இது இன்னது, இதில் எனக்கு இன்ன லாபம், உங்களுக்கு இன்ன நஷ்டம் என்று. அவர் எழுந்திருக்கவில்லை. ஒரு தடவை அம்மாவைப் பார்த்தார், என்ன செய்யலாம் என்று கேட்கிற மாதிரி. என்னை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை.

அம்மா கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் புடவைகள் தொங்குகிற பக்கம் காலியாக இருந்தது.

“எப்ப எடுத்துட்டுப் போன?”

“புதன்கெழம. பாலிகஞ்சில லேடீஸ் ஹாஸ்டல்ல எடம் கெடச்சிருக்கு.”

“அப்பக் காகிதத்தப் பாக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்ட.”

“ஆமா.”

“பெறவு எதுக்கு இவ்வளவு நேரம் ஒக்காந்திருந்த?”

பன்னிரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பன்னிரண்டு நாளில், மெழுகுவர்த்தி வெளிச்சத்திலோ, எண்ணெய் வைக்கும்போதோ, ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ரத்துப் பத்திரத்தைக் கிழித்திருப்பேனா? தெரியவில்லை. சண்டை போட்டிருப்பேன். கத்தியிருப்பேன். ஆனால் இந்த வீட்டில் இருந்துகொண்டு கத்தியிருப்பேன்.

“நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்” என்றேன்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாளா என்று பார்க்க நான் நிற்கவில்லை. அய்யா, நீ ஒருத்தி அந்தக் கடையை ஆறு மாசம் நடத்திருவியா என்று கேட்டார். நடத்த முடியாமல் போகலாம். அடுப்புக்குக் கதவு இல்லை, கப்பில் பாதி சிமெண்டு ஒட்டிப் போயிருக்கிறது, இடிக்க வேண்டிய செங்கல் இடுப்பு உயரம் நிற்கிறது, என் கையில் இருப்பது ஒரு டைப்பிஸ்ட் சம்பளம். இதையெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

வாசலில் செருப்பை மாட்டினேன். பக்கத்து வீட்டு போஸ் மாஷிமா படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆபீசுக்கா, இன்றைக்கு லேட்டா என்று வங்காளியில் கேட்டாள். இல்லை மாஷிமா, இன்றைக்கு லீவு என்றேன்.

பின்னால் கதவு திறந்தேதான் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. மித்திர பாபு பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். பார்க் சர்க்கஸ் ட்ராம் மூலையில் திரும்புகிற சத்தம் கேட்டது. நான் வேகமாக நடந்தேன்.